புங்க நிழல் கனகாம்பரம்

கனகாம்பரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நாற்பத்தெட்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிணற்று மேட்டில் பன்னிரண்டு வருடமாகக் கனகாம்பரம் போடுகிறோம். டெல்லிக் கனகாம்பரம் என்று சொல்வார்கள். நல்ல அடர்த்தியான நிறம், சரமாகக் கட்டினால் இரண்டு நாள் வாடாது. குச்சியை ஒடித்து ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். விதை வைக்காது. கனகாம்பரம் என்றாலே விதை வைக்காத செடி என்றுதான் நான் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியில் பூவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு மலைக்காரப் பெண்ணிடம் நெல்லிக்காய் வாங்குவது என் வழக்கம். கல்வராயன் மலையிலிருந்து மூட்டையோடு பஸ்ஸில் இறங்கி, மார்க்கெட் ஓரத்தில் சாக்கை விரித்து உட்காருவாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நெல்லிக்காயில் தொடங்கிய பழக்கம் மூன்று வருடத்தில் குடும்பக் கதை பேசும் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஒருநாள் என் தலையில் இருந்த பூவைப் பார்த்து அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"இது எங்க காட்டுல சும்மா மொளச்சிக் கெடக்குதுக்கா. மரத்தடியில."

"அது வேற ஏதாச்சும் பூவா இருக்கும்மா. இது நட்டாத்தான் வரும்."

"எங்களுக்குக் கனகாம்பரம் தெரியாதாக்கா. எங்க வூட்டுக் கல்யாணமே அந்தப் பூ இல்லாம நடக்காது."

அவளுடைய மகள் கள்ளக்குறிச்சியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தாள். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், தன் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். இருட்டான இடம், இலைச் சருகு, நடுவில் சந்தேகமே இல்லாமல் கனகாம்பரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் கால் ஓரிடத்தில் நிற்காது. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "தலைக்கு ஏறிக்கிச்சா? போய்ப் பாத்துட்டு வா. இல்லன்னா எங்களுக்குச் சோறு ஒழுங்கா கெடைக்காது" என்றார்.

மாசி மாதத்தில் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டதும் பஸ் முனகிக்கொண்டே வளைவுகளில் ஏறியது. நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வழியில் தெரிந்த ஒவ்வொரு புதரையும் கனகாம்பரமோ என்று பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் வீடு ரோட்டிலிருந்து அரை மணி நடை. முன்னால் மரவள்ளி, அதற்கு மேலே சாமை அறுத்த காடு. மரவள்ளிக்குப் பின்னால் நிலம் சட்டென்று சரிந்து ஓர் ஓடைக்குள் இறங்குகிறது. அதுவும் அவர்கள் பட்டா நிலம்தான். மேலே வெயில் சட்டி போலக் காய்ந்தது. உள்ளே பத்தடி இறங்கியதும் கை சிலிர்த்தது. ஓடையில் தண்ணீர் ஓடவில்லை, பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாக நின்றது. இரண்டு கரையிலும் புங்க மரங்கள், இடையிடையே நாவல். கிளைகள் மேலே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் கீழே விழுந்தது. தரை முழுக்கச் சருகு. கால் வைத்தால் கணுக்கால் வரை அமுங்கியது.

அந்தச் சருகுக்குள்ளிருந்து எழுந்து நின்றன செடிகள். முழங்கால் உயரம். ஓரம் நெளிந்த கரும்பச்சை இலை. பச்சைச் செதில் அடுக்கிய கதிர். கதிரைச் சுற்றி, ஒரு பக்கம் மட்டும் விரிந்த விசிறி போலப் பூக்கள். நிறம் எங்கள் பூவைவிட வெளிறியது, பழுத்த பப்பாளியின் உள்நிறம். யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் கட்டவில்லை, யாரும் மருந்து அடிக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் வாடல் நோய்க்குப் பாதிச் செடியைப் பறிகொடுத்துவிட்டு வேரோடு பிடுங்கி எறிகிறவள் நான். அங்கே ஒரு செடியிலும் வாடல் இல்லை. நான் சருகிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

அவள் காய்ந்த கதிர் ஒன்றை ஒடித்து, குட்டைத் தண்ணீரில் நனைத்து, என் உள்ளங்கையில் வைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். பட்டென்று ஒரு சத்தம். கன்னத்தில் ஏதோ சுள்ளென்று பட்டது. அடுத்து இன்னொரு பட். கதிருக்குள் இருந்த காய்கள் ஈரம் பட்டதும் வெடித்து விதையை வீசுகின்றன. விதையே வைக்காது என்று பன்னிரண்டு வருடம் சொல்லித் திரிந்தவளுக்குக் கனகாம்பரமே ஓர் அறை கொடுத்தது. பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. காய்ந்த கதிரையெல்லாம் தேடித் தேடி நனைத்தேன். பட், பட், பட். தாயும் மகளும் என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த இடத்தில் வைத்துத்தான் அவர்கள் வீட்டு வழக்கத்தைத் தாய் சொன்னாள். தாலி கட்டும் நாள் காலையில் பெண்ணின் அம்மா இந்த ஓடைக்கு வந்து, இங்கே பூத்த கனகாம்பரத்தைப் பறித்துப் போய் வீட்டுச் சாமிக்கு வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெண் தலையில் பூ ஏறும். ஒரே ஒரு பூவானாலும் இங்கே பூத்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நாளைத் தள்ளிவிடுவார்கள். அவளுடைய நாத்தனாருக்கு அப்படி ஒருமுறை தள்ளிப்போய், மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு, அந்தச் சம்பந்தமே முறிந்துபோனது.

"எங்களுது வைகாசியில" என்றாள் மகள். மாப்பிள்ளை அடுத்த ஊர்ப் பையன், அவளாகப் பார்த்துப் பிடித்தவன். மாப்பிள்ளையின் பெற்றோரைச் சம்மதிக்க வைக்க ஒரு வருடம் ஆகியிருந்தது.

இனி நான் செய்த காரியம்.

ஒருவருக்கு நல்லது செய்யப்போகிறோம் என்ற உற்சாகம் இருக்கிறதே, அது பொல்லாதது. பங்குனி முதல் வாரத்தில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் மலைக்குக் கிளம்பினேன். தாயும் மகளும் புடவை எடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தார்கள். அவளுடைய வீட்டுக்காரர் மரவள்ளிக் காட்டில் இருந்தார். "பூச்செடிய கொஞ்சம் பாத்துட்டு வரேங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேறு வேலையாக ரோட்டுப் பக்கம் போனார். நான் பார்ப்பது என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஓடைக்குள் நின்று செடிகளை மறுபடியும் பார்த்தேன். மெலிசான தண்டு. செடிக்கு ஒன்றோ இரண்டோ கதிர். எங்கள் ஊர்ப் புத்தி உடனே வேலை செய்தது. வெயில் பத்தவில்லை. மண் இறுகிக் கிடக்கிறது. குப்பை மண்டிக் கிடக்கிறது. இதை மட்டும் ஒழுங்குபடுத்திக் கொடுத்தால் வைகாசியில் பூ கூடை கூடையாகக் கொட்டாதா? ஒரு பூவுக்காக ஏன் இவர்கள் பயப்பட வேண்டும்?

அதோடு, கீழ்நாட்டு விவசாயக் குடும்பத்துக்காரர்கள் கண்ணில் புங்க மரம் பட்டால் கை சும்மா இருக்காது. நெல் வயலில் உரமாக மிதிக்கப் புங்கந்தழைதான் உசத்தி என்று கழித்துக் கழித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவர்கள் வீட்டிலிருந்தே அருவாளும் தொரட்டுக்கோலும் களைக்கொத்தும் எடுத்துவந்தேன். சேலையை வரிந்து கட்டினேன். எட்டிய கிளையை எல்லாம் கழித்தேன். எட்டாததைத் தொரட்டுக்கோலால் இழுத்து ஒடித்தேன். சருகை ஒன்றுவிடாமல் கூட்டி ஓடைக்கு அப்புறம் தள்ளினேன். செடியைச் சுற்றிக் கொத்திவிட்டு, அழகாகப் பாத்தி கட்டினேன். கழித்த தழையையும் வீணாக்கவில்லை, அவர்கள் காட்டுக்கு உரமாகட்டும் என்று மேலே கொண்டுபோய்க் குவித்தேன்.

நாலு மணிக்கு நிமிர்ந்து பார்த்தபோது அந்த இடம் கோலம் போடுவதற்குத் தெளித்து வைத்த வாசல் மாதிரி இருந்தது. முழு வெயில் செடிகள்மேல் பளிச்சென்று விழுந்தது. எனக்கு அப்படி ஒரு பெருமை. நாலு பக்கமும் நின்று படம் எடுத்தேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் அவர்களைப் பார்க்காமலே இறங்கிவிட்டேன். கச்சிராயபாளையத்தில் சிக்னல் வந்ததும் அந்தப் படத்தை ஸ்டேட்டஸாக வைத்தேன்.

பத்து நாள் கழித்து மகள் கூப்பிட்டாள்.

"பெரிம்மா, செடியெல்லாம் கருகிப் போச்சு."

"எத்தினி செடி?"

"எல்லாந்தான். எல சுருண்டு வெள்ளையாயிட்டுது. தண்டுதான் நிக்குது."

"அம்மாகிட்ட குடு."

அவள் அம்மாவைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு, "அம்மாவுக்கு வேல இருக்குதாம்" என்றாள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "ஒங்க அப்பா வெத்தலக் கொடிக்கால்ல அகத்திய எதுக்கு வெச்சாரு? அழகுக்கா?" என்று கேட்டார். நான் பிறந்ததே தியாகதுருகம் பக்கத்தில் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில். அகத்தி நிழல் ஒரு வாரம் குறைந்தால் வெற்றிலை என்ன ஆகும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். எங்கள் டெல்லிப் பூ தாராளமான கிணற்றுத் தண்ணீரில் வெயிலைச் சமாளித்துக்கொண்டு வாழ்கிறது. ஓடைச் செடிக்குக் கிணறு கிடையாது. சருகும் நிழலும்தான் அதன் கிணறு. நான் அந்தக் கிணற்றைத்தான் தூர்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே தென்னங்கீற்று சேர்த்தேன். மறுநாள் விடிந்ததும் கீற்றுக்கட்டோடு கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நின்றேன். கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றார்.

"இன்னாம்மா, மலைக்குப் போயி கீத்து எடுத்துக்கினு போறீங்க. அங்க இல்லாத தழையா?"

"இருந்தத நான் வெட்டிட்டேன்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, தானே ஏணியில் ஏறிக் கட்டை மேலே போட்டார்.

வழியெல்லாம் திட்டு வாங்கத் தயாராகப் போனேன். என்னென்ன சொல்வாள், நான் என்ன பதில் சொல்வது, எங்கே காலில் விழுவது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "வாங்கக்கா. சாப்ட்டு போலாம்" என்றாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். திட்டவில்லை. முகம் சுளிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆறு நாள் அங்கேயே தங்கினேன். ஓடைக்குள் கம்பு நட்டுக் கீற்றைப் பரப்பிப் பந்தல் போட்டேன். ஓடையில் மேலே ஏறிப் போய், என் கை படாத இடத்திலிருந்து சாக்குச் சாக்காகச் சருகு அள்ளிவந்து பாத்திகளை மூடினேன். காலையும் சாயங்காலமும் குட்டையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். குட்டையும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. மகள் கல்யாணம் வரைக்கும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு குடம் தூக்கினாள்.

"எல்லாரும் கல்யாணத்துக்கு வூட்டு முன்னாடி பந்தலு போடுவாங்க பெரிம்மா. நீங்க செடிக்குப் போட்டுக்கினு இருக்கீங்க" என்று கேலி செய்தாள்.

கேலி எல்லாம் என் எதிரில்தான். யாரும் பார்க்காதபோது அவள் தனியாக ஓடைக்குள் போய் ஒவ்வொரு தண்டையும் நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பதை இரண்டு முறை பார்த்தேன். உள்ளே பச்சை இருக்கிறதா என்று. நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

ஊருக்குத் திரும்பியபிறகு போன்தான் என் உயிர். அவர்கள் வீட்டில் சிக்னல் இல்லை. வீட்டுக்கு மேலே ஒரு பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். தினமும் மகள் ஏறிப் படம் அனுப்பினாள். காய்ந்த குச்சி. காய்ந்த குச்சி. மறுநாளும் காய்ந்த குச்சி. நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். சித்திரை பிறந்து நாலாம் நாள் வந்த படத்தில், ஒரு குச்சியின் அடியில், சருகை ஒட்டி, அரிசி அளவுக்குப் பச்சை. நான் களத்துமேட்டில் போட்ட கூச்சலில் பக்கத்துக் கொல்லைக்காரர் பாம்பு என்று நினைத்துக் கழியோடு ஓடிவந்தார். அவருக்கும் படத்தைக் காட்டினேன். "இதுல இன்னாம்மா இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கோடை மழை. அன்று படம் வரவில்லை, ஒரு குரல் பதிவு வந்தது. திறந்தால் முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் பட். கொஞ்சம் விட்டுப் பட் பட். அதன்மேல் அவள் குரல், மெதுவாக, "பெரிம்மா, வெடிக்குது." நான் கூட்டி ஒதுக்கிய சருகில் கிடந்த பழைய கதிர்களெல்லாம் மழையில் நனைந்து வெடித்திருக்கின்றன. அந்தப் பதிவை எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. பூ கட்டும் பெண்கள், பால்காரர், என் வீட்டுக்காரர் மூன்று தடவை. ஆனால் புது விதை முளைத்துப் பூக்க மாதக்கணக்கில் ஆகும். வைகாசிக்கு அந்தத் தளிர்தான் ஆதாரம். தளிர் விட்டது மொத்தம் மூன்றே செடி.

மூன்றிலும் கதிர் வந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு நான் போனபோது மூன்றும் பச்சையாக இறுகி நின்றன. நான் குற்ற உணர்ச்சியில் எங்கள் தோட்டத்துப் பூவை ஒரு பெரிய கூடை நிறையக் கொண்டுபோயிருந்தேன். அவள் கூடைக்குள் கைவிட்டுப் பார்த்தாள்.

"நல்லாருக்குதுக்கா. பொண்ணு தலைக்கு ஆவும். சாமிக்கு ஆவாது."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு மாதமாக என்னிடம் அவள் பேசியதெல்லாம் இந்த அளவில்தான்.

கல்யாணத்தன்று விடிந்ததும் பித்தளைத் தட்டோடு தாயும் மகளும் ஓடைக்குக் கிளம்பினார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நாலடி போன தாய் திரும்பி, "வாங்க" என்றாள். பின்னாலேயே போனேன். மாப்பிள்ளை வீட்டாரின் வேன் மேலே ரோட்டில் ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டது. மகளின் கையில் மருதாணி, அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது.

முதல் செடியின் கதிர் மூடியே இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான், செதிலுக்குள் நிறம் மட்டும் லேசாகத் தெரிந்தது. இன்னும் ஒரு நாள் ஆகும். மகளின் பிடி இறுகியது. மூன்றாவது செடி பந்தலின் கோடியில், பாறைக்கு அணைவாக இருந்தது. தாய் குனிந்து கீற்றை விலக்கினாள். எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு அசையவில்லை. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

மூன்று பூ. பப்பாளி நிறத்தில், அப்போதுதான் விரிந்து, ஈரம்கூடக் காயாமல்.

நான் அழுதேன், சிரித்தேன், மகளைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன், ஒரு கம்பில் இடித்துப் பந்தலில் பாதியைச் சாய்த்தேன். தாய் மட்டும் மூன்று பூவையும் தட்டில் வைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

தாலி கட்டி முடிந்தது. நான் பந்தி பரிமாறினேன், தெரியாதவர்களிடமெல்லாம் பூக்கதையைச் சொன்னேன், மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நானே என் கையால் பூ வைத்துவிட்டேன். அன்றைக்கு அந்த வீட்டில் என்னைவிடச் சந்தோஷமாக மணப்பெண்கூட இல்லை. கடைசிப் பந்தி எழுந்ததும் பெண்ணின் அம்மா வந்து என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் வாங்க" என்று வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அங்கே அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"எங்க மாமியாருக்கு மாமியாரு காலத்துலருந்து அருவா படாத எடம்க்கா அது" என்று தொடங்கினாள். "ஒரு வார்த்த கேட்டீங்களா? வூட்டுல ஆளு இல்லன்னா வர்ற வரைக்கும் ஒக்காரக்கூடாதா? குப்பன்னு கூட்டித் தள்ளினீங்களே, நீங்க போத்திக்கினு இருக்கிற போர்வைய நான் உருவிக்கினு போனா சும்மா இருப்பீங்களா? கொத்திப் பாத்தி வேற. யாரு கேட்டாங்க பாத்தி? எம்பொண்ணு அந்தக் குச்சிய கீறிக் கீறிப் பாத்துக்கினு நின்னா. அத பாத்துக்கினு எனக்கு ரெண்டு மாசம் சோறு எறங்கல. கல்யாண வேல தொடங்கின வூட்டுல கெட்ட வார்த்த வாயில வரக்கூடாதுன்னு எல்லாத்தையும் முழுங்கிக்கினு இருந்தேன். இன்னைக்கு முடிஞ்சிது. இப்ப சொல்றேன். ஒங்களுக்கு அறிவு இருக்குதாக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் இன்னும் திட்டினாள். திட்டத் திட்ட என் நெஞ்சில் இரண்டு மாதமாக ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. திட்டட்டும், சாயங்காலம் வரை திட்டட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

சட்டென்று அவள் குரல் உடைந்தது. கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணே பூக்கா" என்றாள். "அந்த வேனு மேல வந்து நின்னிச்சி. ஹாரன் அடிக்கிறான். நான் கீத்த தள்ளிப் பாக்கறேன். மூணே மூணு பூ."

காலையிலிருந்து நான் ஊரெல்லாம் மூன்று பூ வந்தது, மூன்று பூ வந்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது எவ்வளவு குறைவு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து அண்டாவில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்து கும்பிட எங்களைத் தேடிக்கொண்டு வரும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.